பழைய வேனும் உப்புக் காத்தும்

மரக்காணம், பொம்மையார்பாளையம் பக்கம் பழைய மேட்டடார் வேன் ஒண்ணு கண்ணுல பட்டா, "வாங்கி உள்ள படுக்கை, அடுப்பு வச்சு ஊர் சுத்தலாமே"ன்னு ஆசை வருது இல்லையா? நல்ல ஆசைதான் மக்களே. ஆனா பழையபடி சீராக்கறது வேற, மாத்தறது வேற. ரெண்டுல எதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க.

2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினமும் ஓட்டவும் முடியாது. உள்ள வீடு கட்டணும்னா அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சமாச்சாரம். ஆர்.டி.ஓ.வைக் கேக்காம கை வைக்காதீங்க.

அடுத்தது துரு. உப்புக் காத்துல நின்ன வண்டி மேல பளபளன்னு இருக்கும், அடியில அரிச்சிருக்கும். பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சா துரு போகாது, ஒளிஞ்சுக்கும். மேட்டைத் தூக்கிட்டு சுத்தியால தட்டிப் பாருங்க. 'டங்'னா வாங்கலாம். 'சொத்'னா பேரீச்சம்பழத்துக்குத்தான் :-)

என்னைக் கேட்டா, புதுசா இறங்கறவங்களுக்கு முதல்ல ஆர்.சி. புக், அப்புறம் அடித்தகரம், கடைசியிலதான் இன்ஜின். இன்ஜினைப் பிரிச்சு மாட்ட ஊருக்கு ஊர் மெக்கானிக் இருக்காங்க. கரைஞ்சுபோன சேஸிஸை யாரு திருப்பித் தருவா?