நாணயம் அடிப்பவர் நாணய வியாபாரம் செய்யலாமா?



தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் நாணயம்தான். கடைவீதியில் ஒருவரை 'நாணயமான ஆள்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்கு ஜாமீன் தேவையில்லை. இந்த இரண்டு நாணயமும் சேர்ந்தே இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது காசு அடிக்கும் நாணயச் சாலை. அங்கே வேலை பார்ப்பவர்கள் காசு சேகரிக்கலாமா, வாங்கி விற்கலாமா என்ற கேள்வி காசு சேகரிப்போர் மத்தியில் எழுவதுண்டு. 'நமக்கு எதற்கு இந்த வம்பு?' என்று நம்மில் சிலர் நினைக்கலாம். காலை முதல் இரவு வரை காசை எண்ணிப் பிழைக்கும் நமக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கப் போகிறது?

சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் தங்கசாலைத் தெருவில் நடந்திருப்பார்கள். கம்பெனியார் காலத்து நாணயச் சாலை இருந்ததால் வந்த பெயர் அது. அந்தச் சாலை 1869-இல் மூடப்பட்டது. இன்று மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் காசு அடிக்கிறார்கள். 2006-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் இவை நடக்கின்றன. காசில் ஆண்டுக்குக் கீழே பார்த்தால் எங்கே அடித்தது என்று தெரிந்துவிடும். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அடிப்பது மத்திய அரசு. புழக்கத்துக்கு விடுவது ரிசர்வ் வங்கி.

காசு சேகரிப்பது கெட்ட பழக்கம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மடத்துக்குளத்தைத் தொட்டு ஓடும் அமராவதி, கரூருக்குப் போய்ச் சேரும்போது பழங்காசுகளின் களஞ்சியம் ஆகிவிடுகிறது. 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று சேர மன்னர்களின் பெயர் பொறித்த காசுகளும், ரோமானியக் காசுகளும் அங்கே ஆற்று மணலில் கிடைத்தவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்ற பாண்டியன் காசைப் படித்துச் சொன்னார். இப்படிப்பட்ட ஆர்வலர்கள் இல்லாவிட்டால் அந்தக் காசுகளெல்லாம் பழைய உலோக விலைக்கு உருகிப் போயிருக்கும். ஆகவே நாணயச் சாலைத் தொழிலாளிக்கும் அந்த ஆசை இருந்தால் அது குற்றமாகாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? நம் திருப்பூர் தொழிலை வைத்தே சொல்கிறேன். பனியனில் தையல் கோணலாகப் போனாலும், சாயம் திட்டுத் திட்டாக நின்றாலும் அது 'செகண்ட்ஸ்'. பாதி விலைக்குக்கூடப் போகாது. அதனால் மிஷினில் உட்காருபவர் குறை வராமல் பார்த்துக்கொள்கிறார். காசில் கதை தலைகீழ். அச்சு விலகி அடித்த காசு, இரண்டு முறை அடிபட்ட காசு, ஒரு பக்கத்துக்கு ஒரு காசின் அச்சும் மறுபக்கத்துக்கு வேறு காசின் அச்சும் விழுந்த காசு இவற்றுக்கெல்லாம் சேகரிப்போர் சந்தையில் முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலை. ஒரு ரூபாய்க் காசு சரியாக வந்தால் ஒரு ரூபாய். கோணலாக வந்தால் பல நூறு ரூபாய். உலகத்தில் வேறு எந்தச் சரக்குக்கு இப்படி ஒரு விலை உண்டு? குறையுள்ள சரக்குக்குக் கூடுதல் விலை கிடைக்கும் தொழிலில், மிஷினை இயக்குபவரே வெளியே அந்தச் சரக்குக்கு வியாபாரியாகவும் இருக்கலாமா? என்னைக் கேட்டால் கூடவே கூடாது.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2018 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் தேவாஸ் நோட்டு அச்சகத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவரே கழித்துப் போட்ட நோட்டுகளைக் காலணிக்குள் மறைத்துக் கடத்தியதாகக் காவல் படையினரிடம் பிடிபட்டார். அலுவலகத்திலும் வீட்டிலுமாக ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய் எடுக்கப்பட்டது. நாணயச் சாலைகளை நடத்தும் அதே நிறுவனத்தின் அச்சகம்தான் அது. கழிவு என்று ஒதுக்கியதற்கு வெளியே மதிப்பு இருந்தால், அது வெளியே போக வழி தேடும்.

அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். 1913-இல் அங்கே 5 சென்ட் காசின் வடிவத்தை மாற்றினார்கள். ஆனால் அந்த ஆண்டைப் போட்டுப் பழைய வடிவிலேயே 5 காசுகள் மட்டும் இருக்கின்றன. அடித்ததற்கு அரசுக் கணக்கே இல்லை. நாணயச் சாலையில் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய சாமுவேல் பிரவுன் என்பவர், அப்படி ஒரு காசு இருந்தால் 500 டாலர் தருவதாக 1919-இல் விளம்பரம் கொடுத்தார். அடுத்த ஆண்டு தாமே அதைச் சேகரிப்போர் மாநாட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். யார் அடித்தது என்பது இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. அவற்றில் ஒன்று 2018-இல் 45 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்கக் காசின் கதை இன்னும் பெரிது. 4,45,500 காசுகள் அடித்து, வெளியிடாமலே உருக்கினார்கள். ஆனாலும் சில வெளியே போயின. நாணயச் சாலைக் காசாளர் மேல் சந்தேகம் விழுந்தது. ஒரு நகை வியாபாரியின் குடும்பத்தில் பிற்காலத்தில் வெளிப்பட்ட 10 காசுகள் அரசுக்கே சொந்தம் என்று 2011-இல் நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, 2016-இல் மேல்முறையீட்டிலும் உறுதியாயிற்று. ஒரே இடத்தில் நடந்த தவறு 80 ஆண்டுகள் கடந்தும் நீதிமன்றத்தில் நின்றது!

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகள் பழைய அச்சுகளை எடுத்துச் சேகரிப்போருக்காக மறுபடியும் காசு அடித்துக் கொடுத்து வந்தன. இது 1970 வரை நடந்தது. விளைவு என்ன? அசல் எது, மறு அச்சு எது என்று சேகரிப்போர் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். காசு அடிப்பவரும் காசு விரும்புபவரும் மிக நெருங்கினால் காசின் நம்பகம் குறையும்.

'இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. நாணயச் சாலை ஊழியர் எடையையோ உலோகக் கலவையையோ மாற்றினால் 7 ஆண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டம் 244-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் எடையும் கலவையும் சரியாக இருந்து, அச்சை மட்டும் வேண்டுமென்றே விலக்கி அடித்தால் அந்தப் பிரிவில் அதற்குப் பேச்சில்லை. அரசு ஊழியர் முன் அனுமதியின்றி வியாபாரம் செய்யக் கூடாது என்று 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. பொழுதுபோக்கு எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டைத்தான் தெளிவாகப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கோட்டை நம் கடை வழக்கத்தைக் கொண்டே போடலாம். மளிகைக் கடையில் எடை போடும் பையன் தன் வீட்டுக்கு அரிசி வாங்கினால் நாம் தடுப்பதில்லை. பில் போட்டு, முதலாளிக்குத் தெரிந்து, மற்றவர்கள் கொடுக்கும் விலையைக் கொடுத்து வாங்குகிறான். அதே பையன் அடுத்த தெருவில் மச்சினன் பெயரில் அரிசிக் கடை வைத்தால் பேசாமல் இருப்போமா? இதில் அவன் திருடினானா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. கிடங்குச் சாவி ஒரு கையிலும் போட்டிக் கடைச் சாவி மறு கையிலும் ஒருவனிடம் இருக்கக் கூடாது.

ஆகவே என் யோசனைகள் இவை:

1. ஊழியர்கள் சேகரிக்கலாம். ஆனால் நினைவு நாணயங்களைப் பொதுமக்களைப் போலவே முன்பதிவு செய்து, அதே விலைக்கு வாங்க வேண்டும். தனி ஒதுக்கீடு கூடாது.

2. தம்மிடம் உள்ள சேகரிப்பை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. பணியில் இருக்கும் வரையிலும், ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகளும், தம் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதற்குத் தடை வேண்டாம்.

4. பிழையாக அடிபட்ட காசுகள் எண்ணிக் கணக்கு வைத்து, இருவர் முன்னிலையில் உருக்கப்பட வேண்டும்.

'சேகரிப்பதையே அடியோடு தடுத்துவிடலாமே?' என்பாரும் உண்டு. பஸ்ஸில் மீதிச் சில்லறையாக வந்த காசை ஒருவர் எடுத்து வைத்தால் யார் கண்டுபிடிப்பது? கண்காணிக்க முடியாத விதி மனிதனைப் பொய் சொல்லத்தான் பழக்கும். தவிர, காசை நேசிப்பவர் கையில் காசு நன்றாக வரும். விற்பனையில் மட்டும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

நாணயச் சாலைக்கு நியாயம் சொல்லும் நாம் நம் கல்லாப் பெட்டியையும் பார்க்க வேண்டும். சில்லறைத் தட்டுப்பாட்டின்போது நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வரை கமிஷன் கொடுத்துக் காசு வாங்கியவர்கள் நாம். பதுக்கியவன் கொழுக்க, சாக்லேட்டை நீட்டி வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியதும் நாமே. பின்னர், கோடுகளின் எண்ணிக்கை மாறுகிறது என்ற வதந்தியை நம்பி, 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த கடைகளும் நம் தமிழ்நாட்டில் ஏராளம். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கியது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டிலும் எச்சரித்தது. இந்த இரண்டையும் கடையில் எழுதி ஒட்டலாம்.

காசு அடிக்கும் இடத்தில் ஒரு சந்தேகம் விழுந்தால் அதன் பலனைக் கடைசியில் அனுபவிப்பது கல்லாவில் உட்காருபவர்தான். ஆகவே நம் சங்கப் பொறுப்பாளர்கள் மேற்கண்ட நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய நிதி அமைச்சகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.