டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தீர்களா?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்று மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தது. வண்டி சூடானபின் சிக்னலில் நின்றால் சிவப்பு ஆயில் லைட் மினுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணையும். இரண்டு பட்டறையில் பிரஷர் சுவிட்சை மாற்றியிருந்தார்கள். மூன்றாவதில் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருந்தார்கள். அடுத்தது இன்ஜினைப் பிரித்து பேரிங் பார்ப்பதுதான் என்று உரிமையாளரைப் பயமுறுத்தியும் இருந்தார்கள்.

டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. மேற்கொண்டு ஊற்றாமலே ஆயில் கூடுமா? மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் நெடி. இன்ஜினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்பான ஏசி பம்ப்பில் டயாப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் தண்ணீராகிவிட்டால், சூட்டில், ஸ்லோ ஸ்பீடில் பிரஷர் எங்கிருந்து நிற்கும்? டயாப்ரம் நன்றாக இருந்தால் அடுத்து கார்புரேட்டரின் நீடில் வால்வைப் பாருங்கள். அது சரியாக உட்காராமல் பெட்ரோல் வழிந்தாலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழேதான் போகும். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிகளிலேயே தொழில் பழகிய பையன்களுக்கு இந்த வழி சட்டென்று தோன்றாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் காட்டித்தர வேண்டும்.

மைலேஜுக்காக ஸ்லோ ஸ்பீடை அளவுக்கு மீறிக் குறைத்த வண்டியிலும் இதே மினுக்கல் வரும். அதற்கு ஸ்க்ரூடிரைவர் போதும்.

வயரிங் சந்தேகம் என்றால், சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், சுவிட்சின் ஒற்றை வயரைக் கழற்றுங்கள். லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. வயர் நுனியை இன்ஜினில் தொட்டால் எரிய வேண்டும். சாவி போட்டதும் எரியாத லைட்தான் என்னைப் பொறுத்தவரை மோசமானது: பல்பு போயிருக்கலாம், மரையில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி சுவிட்சுக்கு எர்த் கிடைக்காமலும் இருக்கலாம். பிரஷர் மொத்தமாகப் போனாலும் அந்த வண்டி சொல்லாது.

சுவிட்ச் இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜை மாட்டி அளக்காமல் பேரிங் பேச்சை எடுக்காதீர்கள். அந்த 800க்குப் பம்ப்பும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதோடு சரி, இன்ஜினைத் தொடவில்லை.

பெட்ரோல் கலந்த ஆயிலை வடிக்கும்போது மட்டும் பக்கத்தில் வெல்டிங் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.