போத்தலின் பின்புறத்தில் ஒரு சொல்

மேலைநாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளுக்கு விருந்துக்குச் செல்வோர், மேசையில் ஷார்டனே என்று பெயர் பொறித்த வெள்ளை வைன் போத்தல் ஒன்றை இப்போது சர்வசாதாரணமாகக் காணலாம். நான் குடிப்பவனல்லன், எவரையும் குடிக்கத் தூண்டுவதும் என் நோக்கமன்று. எனினும் அச்சில் வந்த எதையும் வாசித்துப் பார்க்கும் பழக்கம் பத்திரிகைக்காரனை விட்டுப் போவதில்லை. அண்மைக் காலமாக இந்தப் போத்தல்களின் பின்புறத்தில் இரண்டு சொற்கள் இணைபிரியாமல் காணப்படுகின்றன. ஒன்று "குடும்பம்", மற்றையது "நிலைபேறான". முதலாவது சொல்லை நான் ஓரளவு நம்புகிறேன். இரண்டாவதைப் பற்றித்தான் கேள்விகள் உண்டு.

ஷார்டனே பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்துக்குரிய திராட்சை. அங்கே மக்கோனே பகுதியில் அதே பெயரில் ஒரு கிராமமும் இருக்கிறது. இதனை உயர்குடித் திராட்சையென்றே வைன் உலகம் நெடுங்காலம் கொண்டாடி வந்தது. 1999 இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் மெரடித்தும் அவருடைய பிரெஞ்சுச் சகாக்களும் மரபணுச் சோதனை நடத்தி, அதன் பெற்றோரைக் கண்டுபிடித்தனர். ஒரு பக்கம் புகழ்பெற்ற பினோ. மறுபக்கம் கூவே பிளாங்க் எனும், ஏழைக் குடியானவர்கள் பயிரிட்ட, தரங்குறைந்ததென ஒதுக்கப்பட்ட, அதிகாரிகள் பல இடங்களில் பல தடவை நடத் தடைவிதித்த திராட்சை. இந்தக் கலப்பிலிருந்து ஷார்டனே மட்டுமல்லாது மொத்தம் 16 இனங்கள் பிறந்திருப்பதாக அந்த ஆய்வு காட்டியது. தடைகளை மீறி அந்தக் கொடியைக் காணியின் ஓரத்திலே காப்பாற்றி வைத்திருந்த பெயர் தெரியாத கமக்காரர்களுக்கு இன்றைய வைன் வணிகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எந்தப் போத்தலும் சொல்வதில்லை.

கொடிகளைக் காப்பாற்றுவது குடும்பங்களுக்கே கைவந்த கலை. கலிபோர்னியாவின் லிவர்மோர் பள்ளத்தாக்கில் 1883 இல் ஜேர்மனியக் குடியேறியான கார்ல் வென்டே திராட்சைத் தோட்டம் தொடங்கினார். அவருடைய மகன் ஏர்னஸ்ட் 1912 இல் பிரான்சின் மொன்பெலியேயிலிருந்து ஷார்டனே தடிகளைத் தருவித்து நட்டார். பின்னர் அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமுலிலிருந்தது. எத்தனையோ தோட்டங்கள் அழிந்துபோயின. தேவாலயத் திருப்பலிக்கு வேண்டிய வைனைத் தயாரித்து விற்றுத் தாக்குப்பிடித்த சிலருள் வென்டே குடும்பமும் ஒன்று. 1936 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அமெரிக்காவில் முதன்முதலாக "ஷார்டனே" என்று பெயர் பொறித்த போத்தலை வெளியிட்டவர்களும் அவர்களே. இன்று கலிபோர்னியாவில் விளையும் ஷார்டனேயின் பெரும்பகுதி அந்தக் குடும்பத்தார் தெரிந்தெடுத்துப் பேணிய கொடிகளின் வழித்தோன்றலாகும். பங்குச்சந்தைக்கு மூன்று மாதத்துக்கொரு முறை கணக்குக் காட்டவேண்டிய ஒரு கம்பனி, பதின்மூன்று ஆண்டுகள் விற்க முடியாத பயிரை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்குமா? இருக்காது என்பதே என் கருத்து.

பர்கண்டியிலும் இத்தகைய பிடிவாதமொன்று உண்டு. புலினி-மொன்ராஷே கிராமத்தின் லெஃப்லேவ் தோட்டத்தைப் பொறுப்பேற்ற ஆன்-குளோட் லெஃப்லேவ், களைநாசினியாலும் இரசாயனப் பசளையாலும் உயிரற்றுப் போய்க்கொண்டிருந்த மண்ணைக் கண்டு, 1990 இல் சிறியதொரு பகுதியில் உயிரியக்க விவசாயத்தைப் பரீட்சித்துப் பார்த்தார். 1997 அளவில் தோட்டம் முழுவதும் அம்முறைக்கு மாறியது. அயலவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுள் பலர் பின்தொடர்ந்தார்கள். 2015 இல் அவர் காலமானபோது உலகப் பத்திரிகைகள் அஞ்சலிக் குறிப்புகள் எழுதின.

உயிரியக்க விவசாயம் 1924 இல் ருடோல்ஃப் ஸ்டெய்னர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து பிறந்தது. பசுவின் கொம்புக்குள் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் புதைத்து வைத்து, பின் அதை நீரிற் கலக்கித் தெளிப்பது அதன் சடங்குகளில் ஒன்று. கொம்பிலே மந்திரம் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் மருந்து தெளிக்காத கமக்காரன் ஒவ்வொரு கொடியையும் அடிக்கடி சென்று பார்த்தேயாக வேண்டும். பலன் பெரும்பாலும் அந்தக் கண்பார்வையிலிருந்துதான் வருகிறது என்று எண்ணுகிறேன். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பூஞ்சண நோய்க்கு இரசாயன மருந்தை விலக்கியவர்கள் செம்புக் கலவையைத் தெளிக்கிறார்கள். செம்பு மண்ணை விட்டு அகலாது. அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 28 கிலோ என வரம்பு விதித்தது.

"நிலைபேறான" என்பது இதுவுமன்று. சேதன விவசாயம் என்றால் எதைத் தெளிக்கக்கூடாது என்று சட்டம் சொல்லும். நிலைபேறு என்ற சொல்லுக்கு அத்தகைய வேலி கிடையாது. கலிபோர்னியாவில் 2010 இல் இதற்கெனச் சான்றிதழ்த் திட்டமொன்று ஆரம்பமாயிற்று. வென்டே அதனை முதலில் பெற்றவர்களுள் ஒருவர். நீர், மின்சாரம், மண், கழிவு, அயலவருடனான உறவு என்று பலவற்றை அது அளக்கிறது. நல்ல காரியந்தான். ஆயினும் சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் களைநாசினி அறவே இல்லையென்று வாங்குபவர் எண்ணிக்கொண்டால் அது அவருடைய தவறான ஊகம். அந்த ஊகத்தைக் கலைக்க விற்பவருக்கும் அவசரமில்லை. செய்தியாசிரியர் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவனுக்கு, எல்லோரும் விரும்பும் சொல்லொன்று வரைவிலக்கணமின்றிப் புழங்கும்போது ஐயம் எழுவது இயல்பு. இவ்வளவும் பேசிவிட்டு, விலையுயர்ந்தது என்று காட்டுவதற்காக ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள கண்ணாடிப் போத்தலில் அடைத்து, கடல்கடந்து அனுப்பும் குடும்பங்களும் இருக்கின்றன. வைனின் கரியமில வெளியேற்றத்தில் ஆகப் பெரிய பங்கு பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்கே உரியது.

மனிதரை மறந்துவிட்டு மண்ணை மட்டும் பேசுவதும் சரியன்று. ஷார்டனே விளையும் இன்னொரு புகழ்பெற்ற பிரதேசமான ஷாம்பெயினில் 2023 செப்டெம்பர் அறுவடையின்போது கடும் வெயிலில் பழம் பறிக்கும் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதே பருவத்தில் ஆபிரிக்கத் தொழிலாளர்களை இழிந்த நிலையில் தங்கவைத்து வேலைவாங்கியமைக்காக, ஆட்கடத்தற் குற்றத்தின்பேரில் 2025 யூலையில் அங்குள்ள நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. இலாடங்கட்டிய குதிரையால் உழுவதைப் படமெடுத்துப் போடும் துண்டுப் பிரசுரங்களில் பறிப்பவர்கள் எங்கே உறங்கினார்கள் என்பது இருப்பதில்லை. சான்றிதழ்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கவேண்டும்.

குடும்பங்களும் எத்தனை காலம் நிலைக்குமோ தெரியாது. பிரெஞ்சுச் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் முதுசத்திற் பங்கு கொடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பர்கண்டியின் உயர்தரக் காணிகளின் விலை வைன் ஈட்டும் வருமானத்தோடு தொடர்பற்று ஏறிவிட்டது. மரபுரிமை வரியோ காணியின் பெறுமதியைப் பார்த்தே கணிக்கப்படுகிறது. சகோதரர்களுள் ஒருவர் விற்க விரும்பினாலும் மற்றவர்களால் வாங்க இயலாது. கோர்ட்டன்-ஷார்லமேன் வைனுக்குப் பேர்போன போனோ டு மார்த்ரே தோட்டத்தின் பெரும்பான்மைப் பங்கு 2017 இல் அமெரிக்கக் கோடீசுவரர் ஸ்டான் குரொங்கியின் கைக்குப் போயிற்று. உதைபந்தாட்ட இரசிகர்கள் அவரை ஆர்சனல் அணியின் உரிமையாளராக அறிவர். அவர் மண்ணைக் கெடுப்பார் என்று நான் கூறவில்லை. அந்தக் கொடிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளைகள் இனி அங்கே முடிவெடுக்கப் போவதில்லை என்பதையே சொல்கிறேன். கையாறும் காணியைத் தொடர்ந்து உழுகின்ற வாரிசுக்கு வரியைத் தள்ளிப்போட அரசு மேலும் வழிசெய்தால், அது நூறு சான்றிதழ்களுக்கு ஈடாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் காலநிலை. ஷார்டனே முந்தித் துளிர்க்கும் இனம். 2021 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் துளிர்களை வெளியே இழுத்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி விழுந்தது. ஷாப்லி முதல் பர்கண்டி முழுவதிலும் குடும்பங்கள் இரவிரவாகத் தோட்டங்களில் நின்று, வரிசை வரிசையாகப் பரபின் மெழுகு நிரப்பிய வாளிகளைக் கொளுத்தித் துளிர்களைச் சூடேற்றின. களைநாசினியைக் கைவிட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். விடிந்தபோது பள்ளத்தாக்கின்மீது புகை கவிந்திருந்தது. பல தோட்டங்களில் அவ்வாண்டு அறுவடையின் பெரும்பகுதி அதன் பிறகும் மிஞ்சவில்லை.