இது கோபமா?

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுகிறது. வீட்டிலுள்ளோர் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தத்தம் காரியத்தைக் கவனிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். "ஐம்பது வயதில் இவளுக்கு இதென்ன புதுக் கோபம்?" என்று எல்லோரும் வியக்கிறார்கள். அது கோபமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இந்த வாரம் நாம் சொல்ல வந்தது அதைத்தான்.

'ஆட்டிஸம்' என்றதும் பேசாத ஒரு சிறுவனின் உருவமே நம் மனக்கண் முன் வருகிறது. 1943-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கான்னர் எழுதிய பிரசித்தி பெற்ற கட்டுரையில் விவரிக்கப்பட்ட குழந்தைகள் 11 பேர். அவர்களில் மூவர் பெண்கள். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் இரைச்சல் கூடச் சில குழந்தைகளைக் கதிகலங்கச் செய்ததை அவர் அப்போதே குறித்திருக்கிறார். ஓசை, ஒளி, ஸ்பரிசம் முதலியவை மிதமிஞ்சியோ மிகக் குறைந்தோ உறைப்பது ஆட்டிஸத்தின் இலட்சணங்களுள் ஒன்று என்று அமெரிக்க மனோவைத்தியர்களின் கைந்நூலில் இடம் பெற்றதோ 2013-ல்தான்!

குழந்தைகள் என்றும் குழந்தைகளாகவே இருப்பதில்லை. பெண் வளர்கிறாள். உறுத்தும் ஆடையைச் சகித்துக்கொள்ளவும், கல்யாணக் கூட்டத்தில் சிரித்த முகத்துடன் நிற்கவும் பழகுகிறாள். தமக்கு ஆட்டிஸம் உண்டென்று அறியாமலே நடு வயதை எட்டியவர்கள் பலர். அந்தச் சமயத்தில் மாதவிடாய் நிற்கும் பருவம் வந்து சேருகிறது. ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு ஏறி இறங்கிப் பிறகு குறைந்துவிடுகிறது. மூளையில் உடற்சூட்டை ஆளும் பகுதி, அற்ப மாறுதலுக்கும் பதறி, தேகத்தைத் திடீரென்று கொதிக்கவும் வியர்க்கவும் செய்கிறது. தூக்கம் கெடுகிறது. எந்த ஸ்திரீக்குமே இது தொல்லைதான். ஈரத்துணி மேனியில் ஒட்டுவதையே தாங்க மாட்டாதவளின் கதி என்ன? இத்தனை வருஷம் பல்லைக் கடித்துப் பொறுத்த சத்தங்களை, உறக்கமின்றி விடிந்த பொழுதில் பொறுக்க அவளுக்குப் பலம் ஏது?

இங்கிலாந்தில் போர்ன்மத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரேச்சல் மோஸ்லியும் அவருடைய சகாக்களும், ஆட்டிஸம் உள்ள ஏழு பேரிடம் இதைக் குறித்து விசாரித்து, 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புலன்களின் உபத்திரவம் உட்பட, முன்பிருந்த சிரமங்கள் இப்பருவத்தில் உக்கிரமடைந்ததாக அவர்கள் தெரிவித்தார்கள். ஏழு பேர் சிறு தொகைதான். ஆனால், சிறுவர்களைப் பற்றியே ஆராய்ந்து வந்த உலகம் வயது வந்த ஸ்திரீகளிடம் இக்கேள்வியைக் கேட்க எத்தனை காலம் பிடித்தது, பாருங்கள்!

வீட்டார் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. மெல்லிய பருத்தி ஆடை, கண்ணைக் கூசாத விளக்கு, தனியே அமர அமைதியான ஓரிடம், விருந்தாளி வருவதானால் முன்கூட்டியே ஒரு வார்த்தை - இவையே பேருதவி. வைத்தியரிடம் சென்றால், உடற்சூட்டையும் தூக்கமின்மையையும் மட்டும் சொல்லித் திரும்பிவிடலாகாது. சத்தமும் வெளிச்சமும் படுத்தும் பாட்டையும் வெட்கமின்றிச் சொல்ல வேண்டும். சிகிச்சைகள் இருக்கின்றன, தகுந்ததை அவர் தீர்மானிக்க அதுவும் தெரிந்திருப்பது அவசியம்.

அடுத்த தடவை பாத்திரம் விழும்போது, "இதென்ன கோபம்?" என்று கேளாமல், "டெலிவிஷனை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சாத்திய கதவு சற்று விரைவில் திறக்கக் கூடும்.