கெட்ட காகிதத்தை எறியாதீர்கள்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி. ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் கீழ் போர்ஷன் பையன். விரலில் மை, மூக்கு நுனியில் மை, காது மடலில்கூட மை.

"அங்கிள், மெஷின் காலி!"

பையன் பி.காம். முடித்து, வேலை தேடி அலுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை பிடித்திருக்கிறான். செகண்ட் ஹாண்டில் ஒரு டிஜிட்டல் டூப்ளிகேட்டர் வாங்கிப் போட்டிருக்கிறான். அம்மாவின் இரண்டு வளையல்கள் இப்போது அந்த மெஷின் வடிவத்தில்தான் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தின் மாதத் தேர்வு கேள்வித்தாள் ஆர்டர் கிடைத்திருக்கிறது. திங்கள் காலை எட்டு மணிக்குக் கணக்குப் பேப்பர் 400 காப்பி போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் மற்ற பாடங்களும் போகாது, அடுத்த மாதமும் போகாது.

"என்ன ஆச்சு?"

"ஒவ்வொரு காகிதத்திலேயும் மேலேர்ந்து கீழே வரைக்கும் வெள்ளைக் கோடு, அங்கிள். மெக்கானிக்குக்கு போன் பண்ணினேன். ஹெட் போச்சு, மாத்தணும்கிறார். மெஷின் வாங்கின விலையிலே பாதி சொல்றார்."

போனிலேயே நாடி பிடித்துவிட்டார் மனுஷர்!

"ஃப்யூஸ் போனா ஆள் கூப்பிடறவர் இவர். இவர்கிட்டே ஏம்ப்பா வந்தே?" என்றாள் என் சகதர்மிணி.

வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் மொட்டை மாடியில் நான் கொஞ்சம் அளந்துவிட்டிருந்தேன். "நான்கூட ஒரு காலத்தில் சொந்தமா மெஷின் வெச்சிருந்தவன்தான்!"

அது பொய் இல்லை. 1992. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் மூன்று பேர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்துவது என்று திட்டம். தலைக்குப் பத்து ரூபாய். 74 பேர் பணம் கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் ஆபீசில் ஜெராக்ஸ் மெஷின் வந்து, பழைய சைக்ளோஸ்டைல் மெஷினை ஏலம் விட்டார்கள். அறைத்தோழனின் மோதிரத்தை அடகு வைத்து 900 ரூபாய்க்கு எடுத்தோம். "கைப்பிடியைச் சுத்தினா போதும் சார், பேப்பர் தானா வந்து விழும்" என்றார் ஏலக்காரர். விழுந்தது. கைப்பிடி!

சைக்ளோஸ்டைல் பார்த்திராத தம்பிகளுக்காக ஒரு நிமிடம். மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாள். டைப்ரைட்டரில் ரிப்பன் படாமல் எழுத்தை அடித்தால் மெழுகு விலகி எழுத்து வடிவத்தில் வழி உண்டாகும். அதை மெஷினில் உருளைகளின் மேல் ஓடுகிற பட்டுத்துணியில் மாட்டிச் சுற்றினால் மை அந்த வழியாகக் கசிந்து காகிதத்தில் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். எடிசன் 1876-ல் இந்த வகையில் ஒரு பேடண்ட் வாங்கினார். லண்டனில் குடியேறிய ஹங்கேரிக்காரர் டேவிட் கெஸ்டெட்னர், நுனியில் பல்சக்கரம் வைத்த ஒரு பேனாவை 1881-ல் கொண்டுவந்தார். அந்தப் பேனாவின் பெயர்தான் சைக்ளோஸ்டைல். பேனா போய்விட்டது, பெயர் மட்டும் நம் ஆபீஸ்களில் நூறு வருஷம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் நானே ஸ்டென்சில் அடித்தேன். தமிழில் ஒரு கஷ்டம் உண்டு, புள்ளி. ஓங்கி அடித்தால் ஸ்டென்சிலில் ஓட்டை விழுந்து, 'க்' தலையில் மிளகு சைஸுக்கு மை. பயந்துபோய் மெதுவாக அடித்தால் புள்ளியே விழவில்லை. முதல் பக்கம் பூராவும் அம்மை போட்ட தமிழ். இரண்டாம் பக்கத்தில் 'கண்' எல்லாம் 'கண', 'பல்' எல்லாம் 'பல'! ஓலை கிழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதுவார்களாம். நான் ஒரே ராத்திரியில் ஓலைச்சுவடிக் காலத்துக்குப் போய்விட்டேன்.

அதோடு போச்சா? வலது மூலையில் எழுத்தே இல்லாமல் வெள்ளைத் திட்டு. காகிதம் சில சமயம் இரண்டாக வரும், சில சமயம் வரவே வராது. பின்பக்கத்திலோ, கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய தமிழ். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். (என் வாழ்க்கையில் பல சோகக் கதைகள் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும்.) பிரித்தேன், மாட்டினேன். ஒரு ஸ்பிரிங் மிச்சம்.

ராத்திரி பத்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கு ஓடினேன். எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் வீடு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மெஷினைச் சுற்றியவர். ஜெராக்ஸ் வந்த நாளிலிருந்து அவரை டீ வாங்கி வரும் வேலையில் போட்டிருந்தார்கள். லுங்கியோடு அப்படியே கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அறைக்குள் வந்ததும் மெஷினைத் தொடவே இல்லை.

"கெட்டுப்போன காயிதமெல்லாம் எங்கே சார்?"

"மூலையில கசக்கிப் போட்டிருக்கோம்ணே. நூத்தி எண்பது இருக்கும்."

"இன்னா சார் நீ! வைத்தியர் வர்றதுக்கு முன்னாடி நோட்டைக் கிழிச்சுப் போட்ட மாதிரி. கெட்ட காயிதம்தான் சார் பேசும், நல்ல காயிதம் வாயே தொறக்காது."

ஒவ்வொன்றாக நீவி, வந்த வரிசையில் தரையில் பரப்பச் சொன்னார். முட்டி போட்டுக்கொண்டு, ஜோசியர் ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இந்த மிளகுக் கறை எல்லாத்துலேயும் ஒரே எடத்துல இருக்கு. அப்ப ஸ்டென்சில் தப்பு, மெஷின் தப்பில்லே." சிவப்புக் கரெக்‌ஷன் திரவத்தால் ஓட்டைகளை மூடி, காய்ந்ததும் ஊசி முனையால் புள்ளிகளைத் தொட்டார். "மூலையில வெள்ளை. ஸ்டென்சிலை மாத்தியும் அதே எடத்துலதானே வந்துச்சு? அப்ப துணி." உண்மைதான். பட்டுத்துணியில் அந்த இடத்தில் மட்டும் பழைய மை பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

அப்புறம் பின்பக்கக் கறை. இங்கேதான் எனக்கு வாய் பிளந்தது. ஒரு காகிதத்தை எடுத்து, "இதுக்கு முன்னாடி ஒரு சுத்துல காயிதம் வரலே, கரெக்டா?" என்றார். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி! காகிதம் வராத சுற்றில் கீழே அழுத்துகிற உருளை நேராக ஸ்டென்சிலைத் தொட்டு மையை வாங்கிக்கொள்ளும். அடுத்து வருகிற காகிதங்களின் முதுகில் அதைத் தடவும். பத்துக் காகிதத்தில் மங்கிவிடும். "ஆனா பாரு, இந்த அம்பது காயிதத்துல முதுகுக் கறை மங்கவே இல்லே. இது உருளை இல்லே, வெளியே அடுக்கி வெச்சப்புறம் அடிக்காயிதத்துலேர்ந்து ஒட்டினது. இன்னா பேப்பர் வாங்கினே?"

பாண்ட் பேப்பர். பார்க்க கௌரவமாக இருக்குமே என்று மோதிரக்காரன் வாங்கியது. இந்த மை காற்றில் காய்வதில்லை, காகிதம் உறிஞ்சினால்தான் உண்டு. பாண்ட் பேப்பர் உறிஞ்சாது. ராத்திரி பதினொன்றுக்கு டூப்ளிகேட்டிங் பேப்பருக்கு எங்கே போக? ஒவ்வொரு காப்பிக்கும் நடுவில் ஒரு தாள் வைத்து எடுக்கச் சொன்னார். மேன்ஷன் பூராவும் தட்டி எழுப்பி, பழைய வாரப் பத்திரிகைகளையெல்லாம் வாங்கிப் பக்கம் பக்கமாகக் கிழித்தோம். (ஆசிரியர் மன்னிக்க!) காகிதத்தைத் தள்ளுகிற ரப்பர் சக்கரங்கள் வழவழவென்று மெருகேறிப் போயிருந்தன. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். மண்ணெண்ணெய் ரப்பருக்கு ஆகாதாம், உப்பிவிடுமாம். மிச்சமிருந்த ஸ்பிரிங்கை என் கையிலிருந்து வாங்கி, ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார்.

பிறகு சுற்ற ஆரம்பித்தார். கவுண்ட்டரைப் பார்க்கவில்லை, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஒரே தாளத்தில் சுற்றினார். நாலு மணிக்கு முடிந்தது. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "ஆறு மாசமா கை சும்மா கெடந்துது சார்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

சரி, கீழ் போர்ஷனுக்கு வருவோம்.

டிஜிட்டல் டூப்ளிகேட்டர் வெளியே ஜெராக்ஸ் வேஷம் போட்டாலும் உள்ளே சைக்ளோஸ்டைலின் பேரன்தான். டைப்ரைட்டருக்குப் பதில் சூடாகும் ஒரு ஹெட், மாஸ்டர் என்கிற மெல்லிய தாளில் பொடிப்பொடியாகத் துளை போடுகிறது. அது உருளையில் சுற்றிக்கொள்கிறது, உள்ளேயிருந்து மை கசிகிறது.

கடைக்குப் போனதும் நான் கேட்டது, "கெட்ட காகிதமெல்லாம் எங்கே?"

குப்பைக் கூடையில். எடுத்து நீவிப் பரப்பினோம். கோடு எல்லாவற்றிலும் ஒரே இடம். புது மாஸ்டர் போட்டோம், அதே இடம். ஒரிஜினலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தோம், கோடு நகரவில்லை. ஆக, ஒரிஜினலில் தப்பில்லை. ஸ்கேனரைத் தொடாமல் மெஷின் தானாகவே அடிக்கும் டெஸ்ட் பிரிண்டை எடுத்துப் பார்த்தோம். அதிலும் கோடு. அப்போது ஹெட்தான். மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் ஹெட் போச்சா, அழுக்கா? அதை அவர் போனில் எப்படிப் பார்த்தார்?

பையன் பிளேடை எடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். ஹெட்டைச் சுரண்டினால் அப்புறம் வளையல் இல்லை, வீட்டுப் பத்திரம்தான். சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் ஒரே பக்கமாகத் துடைத்தான். மறுபடி மாஸ்டர்.

மூன்று நூல் கனத்தில் இருந்த கோடு ஒரு நூல் கனம் ஆயிற்று. அதற்கு மேல் போகவில்லை. அந்த ஒரு நூல் நிஜமாகவே செத்த புள்ளி.

"இது போதுமே அங்கிள்" என்றான். நானும் சரி என்றுதான் நினைத்தேன். அப்புறம் கேள்வித்தாளைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோடு ஓரமாக மதிப்பெண் எண்கள் இருக்கிற வரிசையில் ஓடுகிறது. '10' என்பதில் ஒன்று மாயம். கடைசி ஐந்து கேள்விக்கும் மதிப்பெண் பூஜ்யம்!

ஒரிஜினலை அரை சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி வைத்துப் புது மாஸ்டர் எடுக்கச் சொன்னேன். இப்போது எண்கள் தப்பித்து, கோடு வெறும் மார்ஜினில் ஓடியது. வெள்ளையில் வெள்ளை, யாருக்குத் தெரியும்? ஒரு மணிக்கு 400 காப்பியும் அடுக்கி முடித்தோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டு, அறிவியல் பேப்பரையும் கொடுத்தனுப்பிவிட்டார்கள். ஹெட்டுக்கு இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அதுவரை ஒவ்வொரு ஒரிஜினலையும் ஸ்கேல் வைத்துத்தான் அடிக்கிறான்.

அன்று நான் வீடு திரும்பியபோது சகதர்மிணி விழித்திருந்தாள். என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"சட்டை முதுகுப் பக்கம் எப்படி மை?"

"முதுகுப் பக்கமா? அப்படின்னா அழுத்துற உருளை" என்றேன்.

"நாளைக்கு நீங்களே துவைச்சுக்குங்க" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.