குடோனில் சரக்கு இருந்தும் அனுப்ப முடியாத சாக்லேட் கம்பெனி: தொழிற்சாலைக்கு ஈ.ஆர்.பி வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நோட்டுப் புத்தகம், எக்செல், சூப்பர்வைசரின் ஞாபகம். இந்த மூன்றையும் நம்பி ஓடிய பல சிறு, நடுத்தர தொழிற்சாலைகள் இப்போது ஈ.ஆர்.பி சாஃப்ட்வேர் பக்கம் திரும்புகின்றன. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், உற்பத்தி, டெஸ்பாட்ச், கணக்கு என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள்தான் ஈ.ஆர்.பி. ஆனால், "சாஃப்ட்வேர் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று நினைப்பவர்களுக்கு 1999-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல பாடம்.

இப்போது ஏன் இந்த அவசரம்?

முக்கிய காரணம், அரசு விதிகள். 2020 அக்டோபரில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் முறை தொடங்கியபோது, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே அது கட்டாயம். அந்த வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு வந்தது. 10 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், பில் போட்ட 30 நாட்களுக்குள் அதைப் போர்ட்டலில் பதிவேற்ற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. கணக்கில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் சாஃப்ட்வேரைத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் அவை பயன்படுத்த வேண்டும்.

ஹெர்ஷிஸில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் பிரபல சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷிஸ், சுமார் 112 மில்லியன் டாலர் செலவில் புதிய சிஸ்டத்துக்கு மாறியது. 48 மாதங்கள் தேவைப்படும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதங்களில் முடிக்க இலக்கு வைத்தது. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சாஃப்ட்வேர்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, 1999 ஜூலையில் ஓட விடப்பட்டன.

அது ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரம். தீபாவளி ஆர்டர் குவியும்போது ஸ்வீட் கடை தன் மொத்தக் கணக்கு முறையையும் மாற்றியது போல ஆகிவிட்டது. சுமார் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் சரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சாக்லேட் தயாராகவே இருந்தது. சீசனில் சரக்கு அதிகமானால், கிடைத்த இடத்தில் அடுக்கி வைப்பது அங்கே வழக்கம். ஊழியர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த இடங்கள் புதிய சிஸ்டத்தில் பதிவாகவில்லை. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அங்கே சரக்கே இல்லை!

இதே ஹெர்ஷிஸ், 2002-ல் அதே எஸ்ஏபி சாஃப்ட்வேரின் புதிய பதிப்புக்கு மாறியது. இம்முறை பட்ஜெட்டை விட 20 சதவீதம் குறைவான செலவில் வேலை முடிந்தது. சாஃப்ட்வேர் கம்பெனி மாறவில்லை, திட்டமிட்ட விதம்தான் மாறியது.

நம்ம ஊர் ஆலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

உதாரணமாக, கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். 100 பம்புக்கு ஆர்டர் வருகிறது. ஸ்டாக்கில் 80 காஸ்டிங் இருப்பதாக சிஸ்டம் காட்டுகிறது. அதனால் 20 மட்டும் வாங்கச் சொல்கிறது. உண்மையில் இருப்பதோ 50தான். ரிஜெக்ட் ஆன 10-ஐ யாரும் பதிவு செய்யவில்லை, 20 ஜாப் ஒர்க்குக்குப் போயிருக்கிறது. அசெம்பிளி நாளன்று 30 பம்ப் நின்றுவிடும்.

ஜாப் ஒர்க் கணக்கு வரி விஷயமும்கூட. வெளியே அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி விதிக்கப்படும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

*நடைமுறையை எழுதுங்கள்:* ஆர்டர் வருவதில் இருந்து லாரி கிளம்புவது வரை நிஜமாக நடப்பதை எழுத வேண்டும். "எப்பவாவது இப்படியும் செய்வோம்" என்பவைதான் பின்னர் சிக்கலாகும்.

*பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்:* ஒரே போல்ட்டுக்கு மூன்று பெயர் இருந்தால், சிஸ்டத்தில் அது மூன்று பொருள். ஒரு பம்புக்கு எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியலும் துல்லியமாக இருக்க வேண்டும்.

*உங்கள் டேட்டாவில் டெமோ கேளுங்கள்:* விற்பனையாளரின் மாதிரி டேட்டாவில் எல்லாமே அழகாக ஓடும். பாதி டெலிவரி, ரிஜெக்ஷன், ஜாப் ஒர்க் உள்ள பழைய ஆர்டர்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

*மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்:* லைசென்ஸ் விலை ஒரு பகுதிதான். நிறுவும் செலவு, மாற்றங்கள், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் உண்டு. நாளை வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் டேட்டாவை முழுதாக எடுக்க முடியுமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

*ஸ்டோர்ஸ் ஊழியரை உட்கார வையுங்கள்:* தினமும் என்ட்ரி போடப்போவது அவர்தான். அவருக்குக் கஷ்டமாக இருந்தால், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போகும். அன்றே ஸ்டாக் கணக்கு பொய்யாகத் தொடங்கிவிடும்.

*சீசனில் மாறாதீர்கள்:* ஆர்டர் குறைவான மாதத்தில், முதலில் ஸ்டோர்ஸ், பிறகு உற்பத்தி என ஒவ்வொரு பிரிவாக மாறுவது பாதுகாப்பானது.

எந்த சாஃப்ட்வேர் என்று முடிவு செய்வதற்கு முன், ஸ்டோர்ஸில் 20 பொருட்களை எடுத்து நேரில் எண்ணிப் பார்க்கலாம். லெட்ஜரில் உள்ள எண்ணும் ரேக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான். விற்பனையாளரை அதன்பிறகு அழைக்கலாம்.