சில்லின் காலுக்குப் பெயரிடுவோர் யார்?

குற்றாலத்து ஐந்தருவியில் ஒரே நீர் ஐந்து கிளையாய் வீழ்வதைக் கண்டு களிப்போர், கீழே தென்காசி வயல்களில் நீரை மடை மடையாய்ப் பகிர்ந்துவிடும் உழவனின் அறிவை எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு என்பது அவன் நெஞ்சில் பெயரோடு நிற்கிறது. மடை மாறின் பயிர் காயும்.

குறைக்கடத்திச் சில்லுகளை ஆராயும் தானியங்கிப் பொறியிலும் முதல் வேலை இதுவே. சில்லின் ஒவ்வொரு காலும், அது அமரும் பொருத்தி வழியாகவும் இடைப்பலகை வழியாகவும் பொறியின் எந்த வாய்க்காலைச் சேர்கிறது என்று பட்டியல் எழுதல் வேண்டும். மின்னூட்டும் கால் மின்வழங்கியைச் சேரும். நான்கு சில்லுகளை ஒருங்கே ஆராயின் ஒரே பெயர் நான்கு வாய்க்கால்களைச் சுட்டும். பட்டியல் முடிந்தபின் ஆய்வு நிரல் எண்களை மறந்துவிடும்; பெயர்களால் மட்டுமே பேசும்.

அடுத்து நடப்பது தொடர்பு ஆய்வு. ஒவ்வொரு காலிலும் ஆம்பியரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போன்ற சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, சில்லின் உள்ளிருக்கும் காப்பு இருமுனையத்தில் ஏறத்தாழ 0.6 வோல்ட்டு நிற்கிறதா என்று பார்ப்பர். சுழியெனின் குறுக்கிணைப்பு, எல்லைவரை ஏறின் தொடர்பு அறுந்தது. ஆயின், இரு கால்களின் பெயர்கள் தம்முள் மாறியிருப்பின் இவ்வாய்வு அதனைக் காட்டிக்கொடாது! இரண்டிலும் அதே 0.6 தானே நிற்கும்? பின்னர்ச் செயல் ஆய்வில் நல்ல சில்லுகளெல்லாம் பழுதெனத் தள்ளப்படும். பிழையோ சில்லில் இல்லை. பட்டியலின் ஒரு வரியில் இருக்கிறது.

பெயரிடுதலே பாதித் தொழிலாய் உள்ள ஒரு துறையில், "தொழிலுக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்பாரை என்னென்பது!

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011-இல் மென்பொருட் பணிமனை தொடங்கியது. (அப்பெயரும் தமிழன்று, அது நிற்க.) சிற்றூரில் நிரல் எழுத இயலும் என்பது மெய்ப்பட்டது. ஆய்வு நிரலும் நிரலே. இறுதிச் சரிபார்ப்புக்குத்தான் பொறியருகே செல்லல் வேண்டும். குறைக்கடத்தித் தொழிலுக்கெனத் தமிழக அரசு 2025-இல் 500 கோடி உருபாத் திட்டம் அறிவித்தது. ஆலைக்கு நிலம் பார்ப்போர் சொல்லுக்கும் நேரம் ஒதுக்குக. ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலேயே திருநெல்வேலியில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக்கியது. தென்காசியும் அன்று அம்மாவட்டத்து ஊரே.

சில்லின் விளக்க ஏட்டில் அச்சிட்ட காற்பெயரை மாற்றச் சொல்லவில்லை. உலகெங்கும் அஃது ஒன்றாய் இருத்தல் வேண்டும். அது குறியீடாக நிற்கட்டும். அதன் பக்கத்தில் எழுதும் குறிப்பும், பயிலகத்தில் ஆசிரியர் கற்பிக்கும் சொல்லும் தமிழாய் இருக்கத் தடை யாது?

ஒன்று நோக்குமின். சில்லில் நீட்டி நிற்பதையும், பொறியிலிருந்து வந்து தொடுவதையும் ஆங்கிலம் 'பின்' என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறது. புதிதாய்ப் பயில்வோர் இங்கேதான் தடுமாறுகின்றனர். நமக்கோ சில்லில் இருப்பது கால், தொடுவது ஊசி, பின்னே செல்வது வாய்க்கால். தென்காசிப் பயிலகங்களின் மின்னணு ஆசிரியர்கள் இம்மூன்றிலிருந்து தொடங்கி ஒரு சொற்பட்டியல் எழுதி விடுப்பின், இவ்விதழில் அச்சிடுவோம்.